ஒற்றைக்கொம்பு

எங்கள் வீட்டு பீரோவின் மேல், கிறிஸ்மஸ் குடில் சாமான் வைத்திருக்கும் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் ஹெல்மெட் கவிழ்ந்து கிடக்கிறது. மோட்டார் சைக்கிள்காரர்கள் போடுகிற குடம் மாதிரியானது இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவது. எடையே இருக்காது, உள்ளே தெர்மோகோல் மாதிரி வெள்ளைக் கட்டி. இடது காதுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. அந்த வெடிப்புக்குள் ஒரு நெல்மணி சிக்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஒட்டடை அடிக்கும்போது அதை இறக்குவேன், ஈரத்துணியால் துடைப்பேன், நெல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மேலே வைப்பேன். "உடைஞ்ச ஹெல்மெட்டை எதுக்கு வச்சிக்கிட்டு அழுவுறே, பழைய சாமான்காரன்கிட்ட போடேன்" என்று வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் சொல்கிறார். அது அவருடைய தங்கையின் ஹெல்மெட்.

நாத்தனார் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு டி.வி. சீரியல்தான் ஞாபகம் வரும். வரட்டும். எங்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. நான் வாய் நீளம், அவள் அழுத்தம். ஆனால் மூன்றாம் மனுஷர் யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். வீட்டில் கடைசி என்பதால் எல்லோருக்கும் அவள் பாப்பா. முப்பத்தெட்டு வயதிலும் பாப்பாதான், எனக்கும் அப்படித்தான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். என் மாமியார் படுத்த படுக்கையானதும் அந்த வேலையை விட்டுவிட்டு தஞ்சாவூருக்கு வந்தாள். வரும்போது எல்லோரும் கம்பளியும் டி.வி.யும் கொண்டுவருவார்கள் என்றால் இவள் ஆள் உயர அட்டைப்பெட்டியில் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தாள். பிரித்தால், டயர் சுண்டுவிரல் பருமன், ஹேண்டில் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. கேரியர் இல்லை, மணி இல்லை, ஸ்டாண்டு கூட இல்லை. "இதை எங்கேடி நிறுத்துறது?" என்று கேட்டேன். "இது நிறுத்துறதுக்கு இல்லை அண்ணி" என்று சிரித்தாள்.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில்தான் என்னையும் இதில் இழுத்துவிட்டாள். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடப்பதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. திருச்சியில் யாரோ விற்க வைத்திருந்த பழைய ரோடு சைக்கிள் ஒன்றைப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள். முதல் வாரம் வீட்டு வாசலிலேயே மூன்று தரம் விழுந்தேன். சுடிதாரைப் போட்டுக்கொண்டு, துப்பட்டா இல்லாமல், குனிந்து சைக்கிள் ஓட்டுகிற தமிழ் டீச்சரைப் பார்த்து ஊர் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடத்துப் பையன்கள் டீக்கடையிலிருந்து, "டேய், தமிழம்மாடா!" என்று கத்துவார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அந்த முகங்களைத் தேடிப் பிடித்து யாப்பிலக்கணம் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையை மாலைப் பூசைக்கு மாற்றிக்கொண்டோம். மாமியார் இருந்திருந்தால் நடந்திருக்காது.

மஸ்கட்டில் அவள் ஓட்டியதெல்லாம் மலைக்கும் மலைக்கும் நடுவில். அங்கே பள்ளத்தாக்கில் ஆறு இருக்குமாம், ஆற்றில் தண்ணீர் இருக்காதாம். ரோடு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஏறும்போது அழுகை வருமாம், இறங்கும்போது ஏன் அழுதோம் என்று மறந்துவிடுமாம். "இங்க ஆறு இருக்கு, பள்ளத்தாக்கே இல்லையே அண்ணி" என்று குறைப்பட்டுக்கொள்வாள். எனக்கு ரோஷம் வந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் ஐந்து பாலம் இருக்கிறது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஒவ்வொன்றுக்கும் ரோடு ஏறி இறங்கும். "இந்தா, அஞ்சு மலை. போதுமா?" என்பேன். அதிலிருந்து அவளுக்குப் பாலமெல்லாம் மலையாகிவிட்டது. "அண்ணி, குடமுருட்டி மலை வருது, கியரை மாத்துங்க" என்பாள். கொஞ்ச நாளில் எனக்கே தெரிந்தது, எங்கள் ஊரில் உண்மையான ஏற்றம் காற்றுதான் என்று. ஆடியில் மேல்காற்றுக்கு எதிரே பூதலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், சமதரையில் மூச்சு வாங்கும்.

காற்றை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒருவர் அவருடைய சக்கரத்தை ஒட்டி ஒரு முழம் இடைவெளியில் வர வேண்டும். பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மாறிக்கொள்ளலாம். ஆனால் பின்னால் வருகிறவருக்கு ரோடு தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகும் சக்கரமும்தான் தெரியும். அதனால் முன்னால் போகிறவர் கண்ணில் படுவதையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டும். குழி. மண்ணு. மாடு. தை, மாசியில் எங்கள் பக்கம் இன்னொன்று சேர்ந்துகொள்ளும். நெல்லு. அறுத்த நெல்லைத் தார் ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொட்டிப் பரப்பி, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்துக் காயப்போடுவார்கள். களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? சுண்டுவிரல் டயருக்கு நெல் என்பது எண்ணெய் கொட்டின தரை. நெல்லு என்று குரல் வந்தால் பிரேக்கைத் தொடக்கூடாது, ஹேண்டிலைத் திருப்பக்கூடாது, மிதிப்பதை நிறுத்திவிட்டு நேராக அப்படியே போய்விட வேண்டும். பாப்பா சொல்லிக்கொடுத்து நான் பழகிய சட்டம் இது.

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. உடனே பிரேக் பிடித்து நின்றாக வேண்டும் என்றால் 'ஸ்டாப்' என்று கத்த வேண்டும் என்றாள். "நான் தமிழம்மா. என் வாயில ஸ்டாப்பெல்லாம் வராது. நில்லுன்னா நிக்க மாட்டியா?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "நிப்பேன் அண்ணி. ஆனா நெல்லும் நில்லும் ரொம்பக் கிட்டக்க இருக்கே. ஆபரேஷன் தியேட்டர்ல ஒரே மாதிரி பேர் இருக்கிற ரெண்டு மருந்தை ஒரே தட்டுல வைக்க மாட்டோம்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஒலி வேறுபாடு அறிந்து பொருள் எழுதுக என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளின் உயிரை எடுக்கிறவளிடம் வந்து இது என்ன பேச்சு? "நில்லுக்கு மேல்விலங்கு, நெல்லுக்கு ஒற்றைக்கொம்பு. வித்தியாசம் தெரியாம இருக்க நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். "சரிங்க அண்ணி" என்று விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பதிலாக அவள் ஒரு காரியம் செய்தாள். நான் எது கத்தினாலும் பின்னாலிருந்து அதை அப்படியே திருப்பிச் சொல்வாள். "குழி" என்றால் "குழி". "மாடு" என்றால் "மாடு". தியேட்டரில் அதுதான் பழக்கமாம். டாக்டர் ஒரு மருந்தும் அளவும் சொன்னால் நர்ஸ் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை நீட்ட வேண்டும். தப்பாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். "கிளிப்பிள்ளை மாதிரி என்னடி இது" என்று கேலி செய்வேன். "நான் தப்பாக் கேட்டேனா, நீங்க தப்பாச் சொன்னீங்களா, ரெண்டுமே தெரிஞ்சிடும்ல" என்பாள்.

அந்த மாசி மாத ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காவிரிக்கரை ரோட்டில் திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் போயிருந்தோம். அங்கே காப்பி குடிக்கும்போது, "மஸ்கட் விசா வந்துடுச்சு அண்ணி. ஈஸ்டர் முடிஞ்சு கிளம்புறேன்" என்றாள். பெரிய ஆஸ்பத்திரி, தியேட்டருக்கே பொறுப்பு நர்ஸ். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நானும் "ரொம்ப நல்லது" என்று சொன்னேன். ஆனால் எனக்குள் என்னவோ பொசுக்கென்று போய்விட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் போல எனக்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்த்ததில்லை. பள்ளிக்கூடமும் சமையலறையும் போக எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை அவள் காப்பி ஆறுவதற்குள் முடித்துவைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாயில் வரும். அன்றைக்குக் காலில் வந்தது. திரும்பும்போது கிழக்கேயிருந்து எதிர்க்காற்று. நானே முன்னால் போனேன். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று. "அண்ணி, மாத்திக்கலாம், நான் முன்னால வரேன்" என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். காதில் விழாத மாதிரி மிதித்தேன்.

ஒரு மூங்கில் கொத்தைச் சுற்றி ரோடு வளைகிற இடம். வளைந்ததும் இடது பாதி முழுக்க நெல். பொன்னிறமாக, புதிதாகக் கொட்டி அப்போதுதான் பரப்பியிருந்தார்கள். நெல்லின் நடுவில் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலால் கிளறியபடி நடந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் எங்கள் பாதைக்கு வந்துவிடுவாள். நான் கத்தினேன்.

நெல்லு என்று கத்தியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது நில்லு. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேனா, என் காலைப் பார்த்துச் சொன்னேனா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் நிற்கவில்லை. நெல்லின் ஓரத்தில் ஏறி, மிதிக்காமல் நேராகப் போனேன், சட்டப்படி. பின்னாலிருந்து தெளிவாக, பதற்றமே இல்லாமல், எப்போதும் போல அவள் திருப்பிச் சொன்னாள். "நில்லு." அந்த ஒரு சொல் என் காதில் விழுந்தது. விழுந்த அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. இல்லை என்று நான் கத்துவதற்குள் பிரேக் கிரீச்சிட்டது, நெல் சிதறுகிற சத்தம் கேட்டது, அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. ஓரத்தில் வைத்திருந்த கருங்கல்லில் ஹெல்மெட் மோதிய சத்தம்.

திரும்பி ஓடினேன். பாப்பாவின் கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. அந்தப் பெண் தன் தலைத்துண்டை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "நான் ஒண்ணும் பண்ணலையேம்மா. நில்லுன்னீங்க, நின்னுட்டேனேம்மா. ஒரு அடி நகரலையே" என்று அழுதாள். பாருங்கள், அங்கே என் சொல்லுக்கு இரண்டு பேர் கீழ்ப்படிந்திருக்கிறார்கள். ஒருத்தி நின்றதால் தப்பித்தாள். ஒருத்தி நின்றதால் விழுந்தாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, எடுத்த எடுப்பில் சொன்ன வார்த்தை இதுதான். "நில்லுன்னு எங்கே சொன்னேன்? நெல்லுன்னு சொன்னேன்." அவள் ஈரத்துண்டைப் பாப்பாவின் நெற்றியில் வைத்தாள். அந்தப் பெண்ணிடம் சொன்னதுதான் முதல் பொய். மீதியெல்லாம் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னதுதான்.

ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் கேட்டார். "நெல்லுன்னு கத்தினேங்க, அவ நில்லுன்னு கேட்டுப் பிரேக்கைப் பிடிச்சிட்டா" என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. "காத்துல காது கேட்டிருக்காது" என்றார் அவர். காற்று எதிர்க்காற்று. முன்னாலிருந்த என் சொல்லை அது நேராகப் பின்னாலிருந்த அவள் காதில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதைச் சைக்கிள் ஓட்டாத மனுஷருக்கு யார் சொல்வது? என் நாத்தனாரின் சித்தி ஒருவர், "அவ தமிழ் டீச்சரு, அவ வாயில வார்த்தை தப்பா வருமா?" என்று எனக்காகப் பரிந்து பேசினார். அடுத்த நாள் வீட்டுக்காரர் அந்த இடத்துக்கே போய், ரோட்டை என்ன உங்கள் வீட்டுக் களம் என்று நினைத்தீர்களா என்று அந்தப் பெண்ணைக் கண்டபடி திட்டிவிட்டு வந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

பாப்பாவுக்கு அந்தக் காலையில் பாதி அழிந்துபோயிருந்தது. காப்பி குடித்தது வரைக்கும் ஞாபகம் இருந்தது, அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான். ஆறு வாரம் தலைசுற்றல். பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். காதுக்கும் தனியாகச் சோதனை செய்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நெல்லுன்னுதான்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னால உங்களுக்கும் எவ்வளவு சிரமம். மன்னிச்சிடுங்க அண்ணி" என்றாள். நான் "சரி விடு" என்றேன். அந்த 'சரி விடு'வுக்கு நரகத்தில் தனி இடம் இருக்கும்.

அவள் மஸ்கட் போகவில்லை. உடம்பு சரியாகிவிட்டது, விசா காத்திருந்தது, அண்ணன் சொன்னார், நானும் சொன்னேன். "ஒரு வார்த்தையைச் சரியாக் கேட்கத் தெரியாதவ தியேட்டர்ல நிக்கக்கூடாது அண்ணி. திருப்பிச் சொல்லியும் தப்பாப் போச்சுன்னா அப்ப என் காதை நான் எப்படி நம்புறது?" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை, அழுத்தக்காரி. நாகப்பட்டினத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாகச் சேர்ந்துவிட்டாள். காலை மணி அடிப்பது, கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வது, வெளிவாசலைப் பூட்டுவது. பன்னிரண்டு வருஷம் தியேட்டரில் உயிரைக் காப்பாற்றின கை.

நான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். எந்தப் பொய் என்று சாமியாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாக மூன்று தரம் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைத்தேன். வகுப்பில் ஒலி வேறுபாடு நடத்துகிற நாள் வந்தால் மட்டும் பாடத்தை வேறொரு டீச்சரிடம் தள்ளிவிட ஆரம்பித்தேன். சைக்கிளைத் தொடவில்லை.

இப்படியே நாலு வருஷம் ஓடியது. ஒரு கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பாப்பா வந்திருந்தபோது வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், வாந்தி. அவர் இன்சுலின் போடுகிறவர், சாப்பிடாத நாளில் எவ்வளவு போடுவது என்று டாக்டருக்குப் போன் போட்டோம். பாப்பாதான் பேசினாள். டாக்டர் அளவு சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். சரி என்றார். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். மூன்றாம் தரம் கேட்டபோது அந்தப் பக்கம் அவருக்கு எரிச்சல் வந்தது எனக்கே கேட்டது. பாப்பாவின் மேலுதடு வேர்த்திருந்தது. போனை என்னிடம் நீட்டினாள். "நீங்க கேளுங்க அண்ணி. உங்களுக்கு வார்த்தை தப்பாது."

போனை வாங்கினேன், அளவைக் கேட்டேன், ஊசியும் போட்டாயிற்று. அப்புறம் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவளுடைய மண்டை ஆறு வாரத்தில் ஆறிவிட்டது. அவளை வேலைக்குப் போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது அந்தக் கல் இல்லை, நான். அதுநாள் வரைக்கும் இது எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய்.

பொங்கல் கழிந்து நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். ஹெல்மெட்டை ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். எதற்காக எடுத்துப்போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெறுங்கையோடு போகப் பயமாக இருந்தது. மத்தியான நேரம். விடுதிப் பிள்ளைகள் காலேஜுக்குப் போயிருந்தார்கள். கடல்காற்றில் கொடி முழுக்கத் துணி அடித்துக்கொண்டிருந்தது. டீ போடட்டுமா என்று எழுந்தவளை உட்காரச் சொன்னேன்.

"பாப்பா, அன்னைக்கு நான் நெல்லுன்னு சொல்லலை. நில்லுன்னு சொன்னேன். நீ திருப்பிச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. தெரிஞ்சேதான் மறைச்சேன்."

அவள் ஒவ்வொன்றாக, தியேட்டரில் மருந்து வாங்குகிற குரலில், திருப்பிச் சொன்னாள்.

"நில்லுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் நில்லுன்னு திருப்பிச் சொன்னேன்."

"சொன்னே."

"பிரேக் பிடிச்சேன்."

"பிடிச்சே."

"அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்."

இடது காதின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அவள் கத்துவாள், என்னை வெளியே போகச் சொல்வாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விழுந்ததுக்கு உங்களை நான் ஒண்ணும் கேட்க மாட்டேன் அண்ணி. வாய் யாருக்கும் தவறும்" என்றாள். பிறகு, "நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அன்னைக்காவது சொல்லியிருக்கலாம்" என்றாள். பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிப்பில் நகத்தை வைத்து அந்த நெல்லைத் தொட்டாள், எடுக்கவில்லை. என்னிடமே கொடுத்துவிட்டாள். "நீங்களே வச்சிக்குங்க" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட வந்தாள், ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தாள்.

ஐந்தாறு மாதத்தில் அவள் மறுபடி மஸ்கட் போய்விட்டாள். முன்பு கிடைத்த பெரிய பொறுப்பெல்லாம் இப்போது இல்லை. சின்ன ஆஸ்பத்திரி, தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களுக்குக் கீழே நிற்கிறாள். ஆனால் தியேட்டரில் நிற்கிறாள். அவளுக்கு நான் தொலைத்துக்கொடுத்த நாலு வருஷத்தை எந்த ஆஸ்பத்திரியும் திருப்பித் தராது. போன மாசியில் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு அந்த மூங்கில் கொத்துக்குப் போனேன். அந்தப் பெண் அதே இடத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தாள், அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க சொன்னதுதான் சரி, நான் நில்லுன்னுதான் கத்தினேன்" என்று சொன்னேன். "அதான் அப்பவே சொன்னேனேம்மா" என்றாள். அந்தத் தங்கச்சி நல்லா இருக்காங்களா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றதும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நெல்லைக் கிளறப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்டது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பது எனக்குச் செய்கிற தயவா, கொடுக்கிற தண்டனையா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். இதை அவர் படிப்பார். படிக்கட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்தானே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அண்ணனுக்குப் போன் பண்ணுவாள். என்னைப் பற்றியும் கேட்பாள், அண்ணனிடம்தான். நாகப்பட்டினத்துக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசியதில்லை. போன வாரம் நான் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டை இறக்கித் துடைத்து, நெல் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தேன். வீட்டுக்காரர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். "பாப்பா, உன் உடைஞ்ச ஹெல்மெட்டை உங்க அண்ணி பொக்கிஷம் மாதிரி வச்சிருக்கா. நீயாவது தூக்கிப் போடச் சொல்லு" என்று சிரித்தார்.

ஸ்பீக்கரில் பாப்பா கேட்டாள்.

"அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"அண்ணி, அங்கேயே இருக்கட்டும்."

ஸ்டூலின் மேல் நின்றபடியே, அவளுக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் திருப்பிச் சொன்னேன்.

"அங்கேயே இருக்கட்டும்."